பதினாலு ஊசி

விண்ணப்பத்தோடு இரண்டு நன்னடத்தைச் சான்றிதழ்கள் வைக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. ஒன்று படித்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியரிடமிருந்து. இன்னொன்று, குடும்பத்துக்கு உறவில்லாத ஒரு கெசட்டட் ஆபீசரிடமிருந்து. உறவில்லாத என்று அக்கறையாகப் போட்டிருந்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வரும். தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் தள்ளுகிற குடும்பத்தில் எவனுக்குக் கெசட்டட் ஆபீசர் உறவு? உறவில்லாத ஆபீசர் என்றால் இந்த உலகத்தில் இருக்கிற எல்லா ஆபீசரும்தான். அதில் ஒருவரும் எனக்குக் கையெழுத்துப் போட மாட்டார், அவ்வளவே.

இது அறுபதுகளின் நடுவில். எனக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்திலேயே பி.யூ.சி. சேர வேண்டும், சயன்ஸ் குரூப் எடுக்க வேண்டும், அப்புறம் மிருக வைத்தியம் படிக்க வேண்டும் என்று வரிசையாகக் கனவு கண்டு வைத்திருந்தேன். எங்கள் குப்பத்தில் அதுவரை யாரும் சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடத்தான் போயிருந்தார்கள்.

ஆபீசர் கிடைத்தது நாயால். எங்களிடம் ஒரு செவலை நாய் இருந்தது. பெயர்கூட வைக்காத நாய். கட்டுமரம் கரை ஏறியதும் மீனை மணலில் கொட்டுவார்கள். காக்கையும் மற்ற நாய்களும் நெருங்காமல் அது பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கும். மூக்குக்கு முன்னால் மீன் துள்ளினாலும் நான் "ம்" என்று சொல்லாமல் வாய் வைக்காது. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாய் எப்போது காதை விறைக்கும், எப்போது தளர்த்தும் என்று பார்த்துப் பார்த்து நானாகப் பழக்கியது. இது ஒரு வித்தை என்றே எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் கடற்கரையில் ஒரு பெரிய அல்சேஷன் நாய், அரை டிரவுசர் போட்ட ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு வந்தது. இழுத்துக்கொண்டு என்பது சும்மா சொல்வதில்லை. அவர் குதிகால் இரண்டும் மணலில் கோடு போட்டன. எங்கள் செவலை அசையாமல் மீன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"யாருப்பா இதைப் பழக்கினது?"

"நான்தான் சார்."

"இதையும் பழக்குவியா? என் பேச்சை இது கேட்கவே மாட்டேங்குது."

மஞ்சக்குப்பத்தில் பெரிய தோட்டம் வைத்த பங்களாவில் இருந்தார். எந்த இலாகா என்பது வேண்டாம். கெசட்டட் ஆபீசர். அது போதும் எனக்கு. மூன்றாம் நாள் தயங்கித் தயங்கிச் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். "நாய் பழகட்டும், போட்டுத் தரேன். பிராணிகளைப் பழக்குறதுல அனுபவம் இருக்குன்னும் எழுதித் தரேன், பின்னாடி உதவும்" என்றார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். அதட்ட மாட்டார். நாய்ப் பயிற்சி பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தார். அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் பக்கத்துக்குப் பத்து வார்த்தை அகராதியில் பார்த்துப் படித்தேன்.

அந்தக் கோடை முழுக்கத் தினமும் காலையில் சிவப்பு சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு மஞ்சக்குப்பம் போனேன். டிரவுசர் பையில் வேகவைத்த ஆட்டு ஈரலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டிருப்பேன். சொன்னதைக் கேட்டால் ஒரு துண்டு. 'ஸிட்', 'ஸ்டே', 'கம்' எல்லாம் மூன்று வாரத்தில் வந்துவிட்டது. வாயில் எதைக் கவ்வியிருந்தாலும் 'லீவ்' என்றால் விட்டுவிட்டு உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம், அதுவும் வந்தது. நாய்க்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரிந்ததும் ஏறக்குறைய அந்த நாய்க்குத் தெரிந்த அளவுதான்.

அப்புறம் அவர் காவலுக்குப் பழக்கச் சொன்னார். தோட்டத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்து. கடற்கரையிலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு போகிறவர்கள் அதன் வழியாகத்தான் போவார்கள். பின்கேட்டைத் திறந்து தோட்டத்துக்குள் புகுந்து குறுக்கே போவதும் உண்டு. மாங்காயும் தேங்காயும் காணாமல் போகின்றன என்றார்.

"எல்லாம் மீன்காரங்கதான். உன் ஊர் ஆளுங்க. அவங்க வாடை வந்தாலே இது பிடிச்சுக்கணும். உனக்குத்தான் அது ஈசி."

அவர் அதை வெறுப்பாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: 'அவங்க' என்று அவர் சொன்ன கூட்டத்தில் என்னைச் சேர்க்கவில்லை என்பது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. சோப்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோணிப்பைக்குள் வைக்கோல் அடைத்து, ஆள் உயரத்துக்குப் பொம்மை செய்து, பின்கேட்டுக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பில் கட்டினோம். சமையல்காரர் மார்க்கெட்டில் கவலை என்கிற சின்ன மீன் வாங்கி வந்து அதன் மேல் நன்றாகத் தேய்த்தார். நாய் பொம்மையை ஆசையாகக் கடித்தது, கிழித்தது, கோணியைத் தின்றே விட்டது. இரண்டு நாள் சணல் சணலாக வாந்தி எடுத்தது. ஆபீசர் முகம் சுளித்தார். சான்றிதழ் கையை விட்டு நழுவுகிற மாதிரி இருந்தது எனக்கு.

தப்பு எங்கே என்று நான் யோசித்தேன். வெறும் மீன் வாசனை நாய்க்குச் சாப்பாட்டு வாசனை. மீன்காரன் வாசனை வேறு. மீன், உப்புத் தண்ணீர், வியர்வை, பீடி எல்லாம் சேர்ந்து ஒரு மனிதன் மேல் ஊறியிருக்க வேண்டும். இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. என் சொந்த மூளை. மறுநாள் காலையில் கொடியில் கிடந்த அப்பாவின் துண்டைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

அப்பாவிடம் இரண்டே துண்டுகள். நான் எடுத்தது பழையது. ஓரம் கிழிந்து அம்மா நீல நூலால் தைத்தது. எத்தனை முறை துவைத்தாலும் அதில் அப்பா இருப்பார். அம்மா இரண்டு நாள் தேடினாள்.

"கொடில போட்ட துண்டு எங்கடா? காக்காவா தூக்கினு போச்சி?"

"காத்துல போயிருக்கும்மா."

பொம்மையின் தோளில் அந்தத் துண்டைப் போட்டேன். முதலில் நாயை முகர விட்டேன். பிறகு பின்கேட்டுத் தாழ்ப்பாளைக் கையால் ஆட்டிச் சத்தம் எழுப்புவேன். நாய் பாய்ந்து துண்டைக் கவ்வினால் ஈரல். இப்படிப் பத்து நாள். பிறகு வேலியில் எங்கே அந்தத் துண்டை ஒளித்து வைத்தாலும் தேடிப் பிடித்தது. சமையல்காரர் மீன் வாங்கி வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆபீசர் ஒரு காலையில் நின்று பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுவரை என் கையை யாரும் குலுக்கியதில்லை. "கேம்ப் போயிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்" என்றார்.

வீட்டில் சொன்னேன். அப்பா பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "பெரிய மனசுடா அவுருக்கு" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு நல்லது செய்தால், அன்றைக்குக் கிடைத்ததில் உசத்தியான மீனை ஏலத்துக்குப் போகுமுன் தனியே எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம். கொண்டு வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்வது கிடையாது. கடலில் என்ன கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும், வாயால் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய் நிற்கவா? அதனால் அப்பா என்னிடமும் சொல்லவில்லை. பெரிய வீடுகளுக்கு நாங்கள் முன்வாசல் வழியாகப் போவதும் கிடையாது.

ஆபீசர் கேம்ப்பில் இருந்தார். காலை பத்து மணி இருக்கும். நான் தோட்டத்தில் நாயைச் சங்கிலி இல்லாமல் விட்டு, மாமரத்தடியில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்கேட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அப்பா. இடுப்பில் ஓலைப் பறி, அதிலிருந்து ஒரு வஞ்சிரத்தின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய இடம் என்று உள்ளே நுழையும்போதே தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையில் சுற்றிக்கொண்டார்.

நான் எழுந்திருப்பதற்குள் நாய் போய்விட்டது. பறி உருண்டது, மீன் மணலில் விழுந்தது. நாய் மீனைச் சட்டை செய்யவே இல்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். துண்டையும் கையையும் சேர்த்துக் கவ்வியது.

"லீவ்!" என்று கத்தினேன்.

உடனே விட்டது. விட்டுவிட்டு உட்கார்ந்து, வாயெல்லாம் ரத்தத்தோடு என் முகத்தைப் பார்த்தது. ஈரலுக்காக. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கை தன்னால் டிரவுசர் பைக்குள் போனது. அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

சத்தம் கேட்டுச் சமையல்காரர் ஓடி வந்தார். நான் "அப்பா" என்று வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"தம்பி, நாய புடிச்சிக்குங்க."

பிறந்ததிலிருந்து என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டவர். அந்த 'ங்க'வைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் யார் பிள்ளை என்று அந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் போய் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இடது கையால் மீனை எடுத்து, மணலைத் தட்டிச் சமையல்காரரிடம் நீட்டினார்.

"அய்யாவுக்குன்னு கொண்டாந்தேங்க. புது மீனு. கூப்புடாம நொழஞ்சது என் தப்பு."

"அய்யா வந்தா இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணியும் சொல்லாதீங்க."

சமையல்காரர் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அப்பா கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். பொம்மை அவருக்கு நாலடி தள்ளித்தான் நின்றது, தோளில் நீல நூல் தைத்த துண்டோடு. ரத்தம் கொட்டுகிற அவசரத்தில் அதைக் கவனித்திருக்க மாட்டார் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். நாயைக் கட்டிவிட்டுச் சந்து வழியாக ஓடி, கெடிலம் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் அவரைப் பிடித்தேன். இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்ட டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டு நாயா, தெரு நாயா? வீட்டு நாயா இருந்தா பத்து நாள் கட்டி வெச்சுப் பார்க்கலாம். அது நல்லா இருந்தா முழுக்க ஊசி போட வேணாம்."

"தெரு நாயிங்க. கடிச்சிட்டு ஓடிப்போச்சி" என்றார் அப்பா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியா தம்பி?"

யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பங்களா நாய் என்று சொன்னால் அங்கே ஆள் போகும், விசாரணை வரும், ஆபீசர் வீட்டு நாய் மேல் புகார் கொடுத்தவன் பிள்ளை என்று ஆகும். விண்ணப்பம் அனுப்ப மூன்று வாரம்கூட இல்லை. வேறு ஆபீசருக்கு எங்கே போவேன்? இவ்வளவையும் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"ஆமாங்க. தெரு நாய்தான்."

அப்போதெல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி வயிற்றில் ஊசி. பதினாலு நாள், பதினாலு ஊசி. தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் காலையில் அப்பாவும் நானும் நடந்து போவோம். அவர் பெஞ்சில் படுத்து வேட்டியைத் தளர்த்துவார், ஊசி இறங்கும்போது கூரையைப் பார்ப்பார். முடிந்ததும் அவர் வீட்டுக்குத் திரும்புவார், நான் அங்கிருந்தே நேராக நாயைப் பழக்கப் போவேன். ஆமாம், போனேன். கையெழுத்து இன்னும் வாங்கவில்லையே.

அந்த நாய் ராஜா மாதிரி இருந்தது. வால் ஆட்டியது, தண்ணீர் குடித்தது, காக்கையைத் துரத்தியது. மூன்றாம் நாளும் நன்றாக இருந்தது, ஏழாம் நாளும் நன்றாக இருந்தது. அதன் வாயில் நுரை வந்துவிடாதா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அப்படியாவது அந்த ஊசிகளுக்கு ஓர் அர்த்தம் வந்திருக்கும். பத்தாம் நாள் நாய்க்கு ஒன்றும் இல்லை என்று உலகத்தில் எனக்கு மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. இன்னும் நாலு ஊசி பாக்கி. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோராம் நாளும் அப்பாவின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கு வயிறெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கி, வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாமல் கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். கடலுக்குப் போகவில்லை. அம்மா துணியைச் சூடு காட்டி ஒத்தடம் கொடுத்தாள். அவளுக்கும் தெரு நாய் என்றுதான் சொல்லியிருந்தோம். பார்க்கிற தெரு நாயையெல்லாம் அவள் கல்லால் அடித்தாள். எங்கள் செவலைகூட அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனது.

பன்னிரண்டாம் நாள் ஆபீசர் கேம்ப்பிலிருந்து வந்திருந்தார்.

"யாரோ மீன்காரனை டாமி பிடிச்சிருச்சாமே? குட். ரொம்பக் காயமா?"

"இல்ல சார். லேசாத்தான்."

"பாவம். அவன் குடுத்த மீனை உப்புப் போட்டு வெச்சிருந்தான் குக். ஃபர்ஸ்ட் கிளாஸ் மீன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அவருடைய தாளிலேயே இங்கிலீஷில் எழுதினார். இந்த இளைஞன் நேர்மையானவன் என்பதை நான் நேரில் அறிவேன். பிராணிகளைப் பழக்குவதில் நல்ல அனுபவம் உடையவன். கீழே கையெழுத்து, முத்திரை. வெளியே வந்ததும் பொம்மையின் தோளிலிருந்த துண்டை உருவி எடுத்தேன். அது நாரும் கிழிசலுமாக இருந்தது. போகிற வழியில் கெடிலத்தில் போட்டேன். வீட்டில் அப்பா படித்துக் காட்டச் சொன்னார். பிராணிகளைப் பற்றிய வரியை மட்டும் தமிழில் சொன்னேன். நேர்மை என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

ஆனி மாதம் சிதம்பரத்துக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவும் வந்தார். பக்கத்து வீட்டு மாமாவிடம் சட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். தோள் தூக்கிக்கொண்டு நின்றது அது. வலது கையில் பல் பட்ட இடங்கள் கறுத்துப்போயிருந்தன, அந்தக் கையின் இரண்டு விரல்கள் முழுசாக மடங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டு, சட்டைக் கையை இழுத்து இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டே வந்தார். பல்கலைக்கழகத்துக்குள் வந்ததும் கட்டடத்துக்குள் வர மாட்டேன் என்று சொல்லி, வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டார்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டி, இரண்டாவது சான்றிதழில் நிறுத்தினார்.

"நாய் பழக்கியிருக்கியா? சரி, நாயைப் பழக்கறதுல முக்கியமான விஷயம் என்ன?"

"ஒரே வாசனையைத் திரும்பத் திரும்பக் காட்டணும் சார். அப்புறம் அது மறக்கவே மறக்காது."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "பிராக்டிகலா பேசறான்" என்றார். இடம் கிடைத்துவிட்டது.

வெளியே வந்தேன். அப்பா விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நல்ல வெயில். மரத்து நிழல் நகர்ந்துபோயிருந்தது, அவர் நகரவில்லை. முகமெல்லாம் வியர்வை வழிந்தது.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுதுப்பா."

அவர் சிரித்தார். துடைத்துக்கொள்ளக் கை தன்னால் தோளுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. அப்போதுதான் நான் கவனித்தேன். துண்டு இல்லாமல் அப்பாவை நான் வீட்டுக்கு வெளியே பார்த்ததே கிடையாது.

"துண்டு எங்கப்பா?"

"வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்டா." இரவல் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்க நாயி கீயி எதுனா இருந்து, அன்னிக்கி மாரி வாசனைக்கி மேல வுழுந்துச்சுனா? ஒன் சீட்டு போயிடும்ல."

கோபமாகச் சொல்லவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை. அவர் சட்டைக் கையை மறுபடி தழும்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பழசத்தான எடுத்த. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டா."